மடன் என்னும் நகையும் கிரேசி மோகனும்

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்த தொல்காப்பியர், எள்ளலும் இளமையும் பேதைமையும் மடனும் அதற்கு நிலைக்களம் எனக் கொண்டார். ஒருவர் புகட்டியதைப் பற்றிக்கொண்டு பின் விடாதிருத்தலை மடன் என்பர் உரையாசிரியர். தமிழ் மேடையில் எள்ளலுக்குச் சோ இராமசாமியின் 'முகமது பின் துக்ளக்' (1968) தக்க சான்று. மடனுக்குச் சான்று கிரேசி மோகன் (1952–2019) என்பது எம் துணிபு. அவரைச் சிலேடைக்காரர் என்ற அளவில் வைத்து மதிப்பிடும் வழக்கு ஆராய்தற்குரியது.

கிண்டிப் பொறியியற் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பயின்ற மோகன், சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தில் பணியாற்றினார். ஓசூரில் தொழிலகம் அமைத்து 1980-இல் மொபெட் வண்டியை வெளியிட்ட நிறுவனமும் அதுவே. இத்தொடர்பை மிகைப்படுத்தல் வேண்டா. எஸ். வி. சேகரின் நாடகக்குழுவுக்கு அவர் எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' 1976-இல் அரங்கேறிற்று. அவர் பெயரின் அடைமொழியும் அதன்வழி வந்ததே. (தலைப்பின் ஆங்கிலம் தூய தமிழன்பர்க்கு உவப்பாகாது, உரையாடலில் வழங்கிய நகரத் தமிழையோ எவரும் மறுத்திலர்.) 1979-இல் தம் குழுவைக் கண்டார்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975-இல். மேடைக்கும் அதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. அரங்கில் எழும் சிரிப்பொலி அடுத்த உரையை விழுங்கிவிடும். ஆகவே நடிகர் சற்றே நின்று பேசுவர். வீட்டுக் கூடத்தில் அந்த இடைவெளிக்கு வேலையில்லை. அங்குச் சொல் மட்டும் போதாது, நிலைமையும் நகைக்கவேண்டும். 'ஹியர் இஸ் கிரேசி', 'விடாது சிரிப்பு' போன்ற தொடர்களை எழுதியவர்க்கு, மேடையில் தாம் வளர்த்த மாது என்னும் பாத்திரம் இங்கே கைகொடுத்தது. மாது ஒன்றைத் தவறாகக் கொள்வான். பின் அதனை விடான். அதனைக் காக்க மேலும் ஒரு பொய் வேண்டியிருக்கும். பம்மல் சம்பந்தனாரின் 'சபாபதி'யில் வரும் வேலைக்காரனும் இக்குடியினனே.

இதன் பயன் எம் எல்லைப்புறத்தில் தெளிவாகும். ஓசூர், கிருட்டிணகிரி வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிப் பள்ளியில் தமிழ் கற்போர் பலர். ஒரு சொல்லின் இரு பொருளும் ஒருங்கே செவிப்பட்டாலன்றிச் சிலேடை நகையாகாது. காளமேகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் இதனை நாளும் அறிவர். மடனுக்கோ அத்தகைய மொழித்தடை இல்லை. மோகன் உரையாடல் எழுதிய 'பஞ்சதந்திரம்' (2002) ஒருபடி மேற்சென்றது. தமிழர் இருவரோடு கன்னடர், தெலுங்கர், மலையாளி ஆகியோரைத் தோழராக்கிப் பெங்களூர்க்கு அனுப்புகிறது அப்படம். அந்நகரையும் சென்னையையும் இணைக்கும் நெடுஞ்சாலை ஓசூர், கிருட்டிணகிரி வழியாகவே செல்வது. ஒருவர் சொன்னதை மற்றவர் வேறாகக் கேட்பது இப்பகுதியின் சந்தையிலும் தொழிலகத்திலும் அன்றாட நிகழ்ச்சி. அதுவே அங்கு நகைக்குக் களனாயிற்று. சிலேடையின் குறையை மடன் நிறைவுசெய்த இடம் இது என்போம்.

2008-இல் வந்த 'சாக்லெட் கிருஷ்ணா'வில் மாதுவின் முன் கண்ணனே வந்து நிற்கிறான். எல்லாம் அறிந்தவனை ஒன்றும் விளங்காதவனோடு பேசவிட்ட அந்நாடகத்தில், மாதுவாக ஆசிரியரின் தம்பி பாலாஜியும் கண்ணனாக ஆசிரியரும் நடித்தனர்.