மைக்கேல் மதுசூதன் தத்

மைக்கேல் மதுசூதன் தத் (1824–1873) நவீன வங்கக் கவிதையைத் தொடங்கிவைத்தவர். இன்றைய வங்கதேசத்தின் ஜெசூர் பகுதியில், கபோதாட்ச ஆற்றங்கரைச் சிற்றூரான சாகர்தாரியில் ஜனவரி 25 அன்று பிறந்தார். தந்தை ராஜ்நாராயண் கல்கத்தாவில் பெயர்பெற்ற வக்கீல். இந்து கல்லூரியில் படிக்கும்போதே, இங்கிலாந்து போய் ஆங்கிலக் கவிஞராக வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. 1843 பிப்ரவரியில் கிறிஸ்தவரானார். அதனால் பழைய கல்லூரியை விட்டு விலக நேர்ந்தது. பிஷப்ஸ் கல்லூரியில் சேர்ந்து கிரேக்கமும் லத்தீனும் சமஸ்கிருதமும் படித்தார். சில ஆண்டுகளில் தந்தை பண உதவியையும் நிறுத்திவிட்டார்.

1848 தொடக்கத்தில் பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்தார். இங்கே கழிந்த எட்டு ஆண்டுகளே அவரைக் கவிஞராக்கின என்று சொல்ல வேண்டும். ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியில் ஆசிரியர் வேலை, பத்திரிகைகளில் எழுத்து, ரெபெக்காவுடன் திருமணம், நான்கு குழந்தைகள். இத்தனைக்கும் நடுவே ஹீப்ருவும் தெலுங்கும் கற்றார். பிருதிவிராஜன் கதையை வைத்து அவர் எழுதிய 'தி கேப்டிவ் லேடி' 1849இல் சென்னையில் அச்சானது. அதைப் படித்த கல்விச் சீர்திருத்தவாதி பெத்யூன், இந்தத் திறமையைத் தாய்மொழிக்குக் கொடுக்கலாமே என்று எழுதினார். அந்த அறிவுரை பலிக்கப் பத்தாண்டு ஆனது.

தந்தை இறந்தபின் 1856இல் கல்கத்தா திரும்பியபோது ரெபெக்காவும் குழந்தைகளும் சென்னையிலேயே கைவிடப்பட்டார்கள். எந்தக் காவியமும் இதற்கு ஈடாகாது. பின்னர் ஹென்ரியெட்டா அவருடைய வாழ்க்கைத் துணையானார்.

போலீஸ் கோர்ட்டில் எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் சம்பளத்துக்கு உழைத்த காலத்தில்தான் அவருடைய பெரும் படைப்புகள் பிறந்தன. 1859இல் 'சர்மிஷ்டா' நாடகம். அடுத்த ஆண்டு இரண்டு அங்கத நாடகங்கள். அடியிறுதி இயைபு இல்லாமல் வங்க மொழியில் செய்யுள் நிற்காது என்று ஜதீந்திரமோகன் தாகூர் ஐயப்பட, 'திலோத்தமா சம்பவம்' எழுதி நிரூபித்தார். 1861இல் வந்த 'மேகநாத வத காவியம்' ஒன்பது சருக்கங்கள் கொண்டது. அதில் மேகநாதன் என்னும் இந்திரஜித்தே நாயகன். லங்கை ஒரு தாய்நாடாகவும் ராவணன் மகனை இழந்த தகப்பனாகவும் எழுந்து நிற்கிறார்கள். வால்மீகியும் ஹோமரும் மில்டனும் ஒரே செய்யுள் நடையில் கலந்த அந்தத் துணிச்சல் அதுவரை வங்கம் காணாதது.

புகழின் உச்சியில், 1862இல், பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் கப்பலேறினார். ஊரில் சொத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் பணம் அனுப்பவில்லை. செலவு குறையுமென்று குடும்பத்தோடு பிரான்சின் வெர்சாய்க்குப் போனார். அங்கே கடனுக்காகச் சிறைக்குப் போகும் நிலை வந்தது. ஈஸ்வர சந்திர வித்யாசாகருக்குக் கடிதம் எழுதினார். வித்யாசாகர் தாமே கடன் வாங்கி அனுப்பிக் காப்பாற்றினார். அந்த வறுமையிலும் வங்க மொழிக்குப் பதினான்கடிச் செய்யுளான சானட்டைக் கொண்டுவந்தார். கபோதாட்ச ஆற்றின் மேல் பாடியது அவற்றுள் ஒன்று.

1867இல் பாரிஸ்டராகத் திரும்பியும் தொழில் நிலைக்கவில்லை. வரவை மீறிய ஆடம்பரமும் குடியும் அவரை அழித்தன. 1873 ஜூன் 26 அன்று ஹென்ரியெட்டா இறந்தார். மூன்று நாள் கழித்து, அலிப்பூர் மருத்துவமனையில் தத் மறைந்தார். சர்ச் மேலிடம் அடக்கத்துக்கு அனுமதி தரத் தயங்கியது. பாதிரியார் ஒருவர் தம் பொறுப்பில் லோயர் சர்குலர் சாலைக் கல்லறையில் அடக்கம் செய்தார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, பதினாறு வயது ரவீந்திரநாத் தாகூர் 'பாரதி' இதழில் மேகநாத வதத்தைக் கடுமையாகத் தாக்கினார். பின்னாளில் தம் வாழ்க்கை நினைவுகளில், அது இளமைத் துடுக்கு என்று எழுதி வருந்தினார்.