தொகுப்பு வீடுகளின் நலிவு: விரிசல், ஓதம், உள்காற்று ஆகியவற்றை ஆய்வது எப்படி?

2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் அரசு வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி சரிந்து விழுந்தது. 24 வீடுகள் இடிந்தன; உயிரிழப்பு ஏதுமில்லை. விரிசல் விரிவதைக் கண்ட குடியிருப்போர், கட்டடம் சரியுமுன்பே வெளியேறியிருந்தனர். வீட்டைப் படிக்கத் தெரிந்திருப்பது எத்தகைய பாதுகாப்பு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடுகள் கட்டுவதற்கென 1974இல் தாட்கோ நிறுவப்பட்டது. 1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் முதலில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கே உரியதாயிருந்தது. 1993–94இல்தான் பிற ஏழைகளுக்கும் விரிந்தது. எனவே அரசு கட்டிய தொகுப்பு வீடுகளில் மிகப் பழையவை பெரும்பாலும் சேரிகளில்தான் நிற்கின்றன. அவற்றுக்குப் பூச்சு வேலை போதுமா, இடித்துக் கட்ட வேண்டுமா என்பதை ஆய்வே தீர்மானிக்கிறது. அந்த ஆய்வு அலுவலரின் அரைமணி நேரப் பார்வையோடு முடிந்துவிடலாகாது.

முதலில் தளத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டும். கான்கிரீட்டின் காரத்தன்மையே உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊடுருவி அக்காரத்தை அழிக்கும். உப்புக் கலந்த மணலோ நீரோ பயன்பட்டிருந்தால் கேடு இன்னும் விரைவாக வரும். துருவின் பருமன் இரும்பைவிடப் பன்மடங்கு பெரிது. அது உள்ளிருந்து நெம்ப, கம்பி செல்லும் திசையிலேயே நேர்கோட்டில் விரிசல் ஓடும். பழுப்புக் கறை கசியும். பிறகு காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். தூங்கும் குழந்தையின் மீது விழுவது இப்பாளமே. கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையில் இருக்க வேண்டிய கனத்தை ஐ.எஸ். 456 (2000) நெறி இயல்பான சூழலில் 20 மி.மீ. என்றும், கடற்காற்று நேரே படும் இடத்தில் 45 மி.மீ. என்றும் வகுக்கிறது. பெயர்ந்த பாளத்தின் கனத்தை அளவுகோலால் அளந்து நிழற்படம் எடுத்துவைத்தால் போதும். ஒப்பந்தக்காரர் எதை மிச்சம்பிடித்தார் என்பது விளங்கிவிடும்.

சிறு சுத்தியலால் தளத்தை மெல்லத் தட்டினால் நல்ல பகுதி கணீரென ஒலிக்கும். பிரிந்த பகுதியில் பொள்ளெனக் கேட்கும். (தலைக்கு மேலே தட்டும்போது ஒதுங்கி நின்று தட்டுக.) புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலின் கரைசலைத் தெளித்தால் காரமுள்ள கான்கிரீட் இளஞ்சிவப்பாகும்; காரமிழந்த பகுதி நிறம் மாறாது. கல்லூரி வேதியியல் கூடத்தில் கிடைக்கும் பொருள்தான் இது. அலுவலர்கள் கொண்டுவரும் துள்ளுச் சுத்தியல் கருவியைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. அது மேற்பரப்பின் கடினத்தையே அளக்கிறது. காரமிழந்த பழைய பரப்பு இறுகியிருப்பதால் உண்மை வலிமையைவிட அதிக எண்ணைக் காட்டக்கூடும். அந்த எண்ணை மட்டும் வைத்து ‘கட்டடம் உறுதி’ என எழுதும் அறிக்கையை ஏற்க வேண்டியதில்லை. உள்மாதிரி துளைத்தெடுத்துச் சோதிக்கக் கோரலாம்.

சுவர் விரிசல்கள் எல்லாம் ஒன்றல்ல. மயிரிழை போலப் பூச்சில் மட்டும் வலைபின்னியிருப்பது பெரும்பாலும் தீங்கற்றது. செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டுபோல் ஏறும் விரிசலும் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலும் கடைக்கால் இறங்குவதைக் காட்டலாம். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள்.

ஓதத்தை ஐப்பசி, கார்த்திகையில் ஆய்வதே முறை. சித்திரையில் வரும் குழுவுக்குக் காய்ந்த சுவரே தெரியும். தரையிலிருந்து இடுப்பளவு வரை உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்தால், அது நிலத்தடி ஈரம்: கடைக்காலின் மேல் ஈரத்தடுப்பு அடுக்கு இல்லை அல்லது கெட்டுவிட்டது. கூரையோரம் தொடங்கிக் கீழிறங்கும் கறை மழைநீர்க் கசிவு. ஐயம் இருப்பின் அலுமினியத் தாளொன்றைச் சுவரில் நாற்புறமும் ஒட்டி இரண்டு நாள் விட்டுவையுங்கள். தாளின் பின்புறம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்புறம் நனைந்தால் அறைக்காற்றிலிருந்து படிகிறது.

இச்சோதனை அரசியல் முக்கியத்துவமும் உடையது. பூஞ்சணத்துக்குக் குடியிருப்போரின் பழக்கவழக்கங்களையே குற்றஞ்சொல்வது அதிகாரிகளின் உலகளாவிய வழக்கம். இங்கிலாந்தின் ராச்டேலில் 2020இல் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் வீட்டுப் பூஞ்சணத்தால் இறந்தான். அவனுடைய சூடானியப் பெற்றோர் முறையிட்டபோது வீட்டு நிறுவனம் அவர்களது வாழ்க்கைமுறையையே காரணமாகக் கருதியது. 2022இல் மரண விசாரணை அதிகாரி ஈரமும் போதிய காற்றோட்டமின்மையும்தான் காரணமென உறுதிசெய்தார். அவன் பெயராலேயே இன்று அந்நாட்டில் சட்டம் உள்ளது. சமூக வீட்டு உரிமையாளர் குறித்த காலத்துக்குள் இதுபோன்ற பழுதைச் சரிசெய்தாக வேண்டும்.

உள்காற்றுக்கு வருவோம். ஈரவெப்பப் பகுதிகளில் சன்னல் திறப்புகளின் மொத்தப் பரப்பு தரைப்பரப்பில் ஆறிலொரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட நெறி; கதவு இக்கணக்கில் சேராது. 100 சதுர அடி அறைக்கு ஏறத்தாழ 17 சதுர அடி. ஒரே ஒரு சிறு சன்னலுள்ள வீட்டில் விறகடுப்பும் எரிந்தால் புகை எங்கே போகும்? கல்நார் ஓடு வேய்ந்த வீடுகளில் உடைந்த ஓட்டை அறுப்பதும் துளையிடுவதும் கூடாது. அதன் இழைகள் புற்றுநோய் விளைவிப்பவை.

கண்டதையெல்லாம் வீட்டு எண், தேதி, படத்தோடு பதிவுசெய்த பின் தகவல் உரிமைச் சட்டத்தை நாடலாம். மதிப்பீடு, அளவுப் புத்தகம், தரச்சோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களை மட்டும் கேட்டு நின்றுவிடுகிறோம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(ஞ) பிரிவு பணிகளை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. புதிய வீடுகள் கட்டப்படும் இடங்களில், பூச்சு பூசி வெள்ளையடிப்பதற்கு முன்பே அம்மனுவை அளித்துவிட வேண்டும்.