பங்கும் பாசமும்: எல்லையிலிருந்து பார்த்த அண்ணன் தங்கைப் படங்கள்



பிரிந்த உடன்பிறப்புகள் ஒன்றுசேரும் கதையைத் தமிழ்த் திரைப்படம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவருகிறது. ‘பாசமலர்’ (1961), ‘முள்ளும் மலரும்’ (1978), ‘கிழக்குச் சீமையிலே’ (1993), ‘உடன்பிறப்பே’ (2021) ஆகிய நான்கும் அவ்வரிசையில் முதன்மையானவை. இவற்றை நடிப்புக்காகவும் இசைக்காகவும் பலர் எழுதியிருக்கிறார்கள். இப்பதிவின் கேள்வி வேறு. இப்படங்களில் அண்ணனும் தங்கையும் எதற்காகப் பிரிகிறார்கள்? மீண்டும் சேரும்போது அதற்கான விலையைக் கொடுப்பவர் யார்?

இக்கேள்வியைப் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோரத்திலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், மூணாறு, வண்டிப்பெரியாறு, குமுளி ஆகிய ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்கு உடன்பிறந்தோரில் ஒருவர் கேரளத்திலும் மற்றவர் பொள்ளாச்சியிலோ போடியிலோ கம்பத்திலோ இருப்பது இயல்பு. உறவு ஒன்று, மாநிலம் இரண்டு, நெடுங்காலம் சொத்துரிமைச் சட்டமும் இரண்டு. திரையில் காணும் பிரிவை இவ்வூர்கள் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் கண்டிருக்கின்றன.

1956ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். அவ்வாண்டு நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு சேரவேண்டும் என்னும் கோரிக்கை வலுவாக எழுந்திருந்தது. ஆயினும் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியுமே சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மேற்கூறிய மூன்றும் கேரளத்தில் நின்றன. அதே ஆண்டு ஜூன் 17 அன்று இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தந்தை தாமே ஈட்டிய சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்றது அச்சட்டம். ஆனால் பரம்பரைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே வரும் உரிமை ஆண்மக்களுக்கே தொடர்ந்தது. மேலும், குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் தாமாகப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை, மகள் அதைப் பிரித்துத் தரக் கோர முடியாது என்று அதன் 23ஆம் பிரிவு கூறியது. திருமணமாகிக் கணவனோடு வாழும் மகளுக்கு அவ்வீட்டில் தங்கும் உரிமையையும் அப்பிரிவு தரவில்லை. பிறந்த வீடு என்று நாம் உருகிச் சொல்லும் வீடு, சட்டத்தின் பார்வையில் அவளுக்குப் பாதி மூடிய கதவாகவே இருந்தது.

ஆக ஒரே ஆண்டில் நிலத்தில் ஒரு கோடும் குடும்பத்தில் ஒரு கோடும் விழுந்தன. ஐந்தாண்டுகள் கழித்து ‘பாசமலர்’ வெளிவந்தது.

அ. பீம்சிங் இயக்கி, சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்த அப்படத்தின் கதையை எழுதியவர் கே. பி. கொட்டாரக்கரா என்னும் மலையாளி. தமிழர் தம் அண்ணன் தங்கைப் பாசத்தின் இலக்கணமாகக் கொண்டாடும் கதை, மலைக்கு அப்பாலிருந்து வந்தவரின் கையால் உருவானது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. மருமக்கத்தாயம் நிலவிய அந்நாட்டில் சகோதரியின் பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பு தாய்மாமனாகிய காரணவருடையது. தமிழ் மரபிலும் தாய்மாமனுக்குத் தனியிடம் உண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மருமக்கத்தாயத் தறவாட்டில் சகோதரி வீட்டை விட்டுப் போவதில்லை. சொத்து அவள்வழி இறங்குகிறது. தமிழ்க் குடும்பத்தில் அவள் மணமாகிப் போய்விடுகிறாள். சொத்து அண்ணனிடம் நிற்கிறது. அங்கே சட்டம் காத்த பிணைப்பை இங்கே பாசம் மட்டுமே காக்கவேண்டியிருந்தது. கண்ணீர் இங்கே மிகுந்ததற்கு இதுவும் ஒரு காரணமென்பது என் கருத்து.

‘பாசமலர்’ கதையில் அண்ணன் வேலையிழந்து நிற்கும்போது, தொழிலுக்கு முதலாவது தங்கை சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அவன் செல்வந்தனானதன் வேர் அவளுடைய உழைப்பு. ஆயினும் படம் முழுவதும் அவன் கொடுப்பவனாகவும் அவள் பெறுபவளாகவுமே நிற்கிறார்கள். பின்னர் வரும் பிரிவுக்கு அவள் கணவனின் உறவினரது சூழ்ச்சி காரணமாகக் காட்டப்படுகிறது. இறுதியில் சேர்கிறார்கள், சேர்ந்த கணமே இருவரும் இறந்தும் போகிறார்கள். உயிரோடு சேர்ந்து வாழ்வதற்கு அக்கதைக்குள் இடமில்லை. அவள் பணத்துக்கு ஒரு பங்கு உண்டா என்ற கேள்வியை அம்மரணம் கண்ணீரில் கரைத்துவிடுகிறது.

‘முள்ளும் மலரும்’ முற்றிலும் வேறொரு நிலத்தில் நிற்கிறது. உமாசந்திரன் எழுதிய நாவலைத் தழுவி மகேந்திரன் இயக்கிய முதற்படம், ஒளிப்பதிவு பாலுமகேந்திரா. மலையகத்து மின்நிலையத்தில் விஞ்சு இயக்கும் காளிக்கும் அவன் தங்கை வள்ளிக்கும் பிரித்துக்கொள்ளச் சொத்தே இல்லை. இங்கே மோதல் அவளை மணக்க விரும்பும் பொறியாளரை அண்ணன் ஏற்க மறுப்பதில் எழுகிறது. ஊரே துணைவர மணமேடைக்குப் புறப்பட்ட வள்ளி, இறுதியில் திரும்பி ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள். அதன்பின் அவனே அவளை அழைத்துச் சென்று ஒப்படைக்கிறான். நான்கு படங்களில் எனக்கு மிக நெருக்கமானது இதுவே. ஆனாலும் ஒன்று கேட்கத்தான் வேண்டும்: தன் விருப்பத்தைக் கைவிட அவள் ஆயத்தமான பிறகுதானே அவன் இளகினான்?

இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்குக் காளியும் வள்ளியும் அயலார் அல்லர். திருநெல்வேலி, மதுரைப் பகுதிகளிலிருந்து கங்காணிகளால் அழைத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி குடியிருப்பு தருவது நிர்வாகத்தின் கடமையாக இருந்தது. ஆகவே வீடு நிர்வாகத்தின் சொத்து. லயத்தில் பிறந்து, லயத்திலேயே மணமாகி, முப்பது நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தாலும், ஓய்வுபெற்றால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். அந்நிலையில் மிஞ்சும் ஒரே சொத்து, கீழேயுள்ள சொந்த ஊரில் தாத்தன் விட்டுச்சென்ற ஒரு துண்டு நிலமோ ஓட்டு வீடோதான். அதுவும் பெரும்பாலும் ஊரில் தங்கிவிட்ட ஆண்மக்கள் கையில் இருக்கும். மலையில் உழைத்த சகோதரி ஊருக்கு இறங்கும்போது அண்ணன் வாசலில் விருந்தாளியா, பங்காளியா என்ற கேள்வி அன்றுதான் எழுகிறது.

உறவு ஒன்றே சொத்தாக இருந்த வாழ்வுக்கு 2020 ஆகஸ்ட் 6 இரவு ஒரு கொடிய சான்றாயிற்று. மூணாறு அருகே பெட்டிமுடியில் மண்சரிந்து லயங்கள் புதைந்தபோது எழுபது பேர் மாண்டனர். அண்ணன், தங்கை, அத்தை, மாமன் என்று உறவினர் அடுத்தடுத்து வாழ்ந்தமையால் குடும்பம் குடும்பமாக அழிந்தார்கள்.

இனி ‘கிழக்குச் சீமையிலே’. தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜாவின் படம். எல்லையோரத் தமிழருக்குத் தம் வீட்டுப் பேச்சாகவே ஒலித்தது. விஜயகுமாரும் ராதிகாவும் அண்ணன் தங்கையாக நடித்தார்கள். அண்ணனுக்கும் தங்கை கணவனுக்கும் மூளும் பகையில் இடையில் சிக்கியவள் விருமாயி. இறுதியில் கணவனின் உறவை அறுத்துக்கொண்டே அவள் அண்ணன் பக்கம் வருகிறாள். தாய்மாமன் சீர் சுமந்து வரும் காட்சியை இன்றும் காதணி விழாக்களில் பாட்டோடு நடித்துக் காட்டுகிறார்கள்.

சீர் என்ற சொல்லில்தான் இவ்வரலாற்றின் முடிச்சு இருக்கிறது. சீர் கொடுப்பவனின் மனத்தைப் பொறுத்தது. பங்கு பெறுபவளின் உரிமையைப் பொறுத்தது. சீருக்கு மேளதாளம் உண்டு. பங்குக்கு வில்லங்கச் சான்றிதழ் மட்டுமே உண்டு. சீர் கேட்கும் தங்கையைத் திரைப்படம் கொண்டாடும். பங்கு கேட்கும் தங்கைக்கு அங்கே நாயகி வேடம் அரிது.

படம் வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் சட்டம் மாறியிருந்தது. 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சமஉரிமை வேண்டும் எனத் தீர்மானித்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989 மார்ச் 25 முதல் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை உண்டெனத் தமிழகச் சட்டத் திருத்தம் அறிவித்தது. ஆனால் அந்நாளுக்கு முன்பே திருமணமானவர்களுக்கு அது பொருந்தாது. வளர்ந்த பிள்ளைகளைப் பெற்ற விருமாயி போன்றவர்கள் அக்கோட்டுக்கு வெளியே நின்றார்கள். அவர்களுக்குச் சீர் ஒன்றே மிச்சம்.

எல்லைக்கு மேற்கே நிலைமை வேறு. கேரளம் 1975இல் இயற்றி 1976 டிசம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்திய சட்டத்தால் இந்துக் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்தது. மருமக்கத்தாயத் தறவாடும் மக்கத்தாயக் கூட்டுக்குடும்பமும் ஒருசேரக் கலைந்தன. சொத்து அன்றைய உரிமையாளர்களின் தனித்தனிப் பங்காயிற்று. பிறப்பால் வரும் உரிமை என்பதே இல்லாமல் போயிற்று. இடுக்கிக்குக் குடியேறிய சிரியன் கிறித்தவக் குடும்பங்களிலோ 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் வாரிசுச் சட்டமே வழங்கிவந்தது. மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்கு. தந்தையின் உதகமண்டலத்து வீட்டை விட்டு வெளியேறுமாறு நெருக்கப்பட்ட மேரி ராய், சகோதரனுக்குச் சமமான உரிமை கோரி உச்ச நீதிமன்றம் சென்றார். 1986 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, 1951 முதலே அவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்றது. உடன்பிறந்தோர் பிணக்கு ஒன்று ஒரு சமுதாயத்துப் பெண்கள் அனைவருக்கும் வழி திறந்தது.

2005இல் நாடு முழுமைக்குமான திருத்தம் வந்தது. மகளும் பிறப்பால் உரிமையாளர். 1989ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த திருமணத் தடை இல்லை. வீட்டைப் பிரிக்கக் கோருவதைத் தடுத்த 23ஆம் பிரிவும் நீங்கியது. 2005இல் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டும் என்ற தேவையில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் இத்திருத்தத்தோடு முரண்படுகின்றன என்றும் மகள்களுக்குச் சமபங்கு உண்டு என்றும் 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. 1956இல் பிரிந்த கோட்டின் இருபுறமும் சகோதரியின் நிலை ஏறத்தாழ ஒன்றாவதற்கு எழுபது ஆண்டுகள் ஆயின.

சட்டம் சேர்ந்துவிட்டது, வழக்கம் சேரவில்லை. அதன் கருவி ஒரு தாள். தமிழகத்தில் அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர், கேரளத்தில் ஒழிமுறி. தந்தை இறந்தபின் சகோதரிகள் தம் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்துக் கையொப்பமிடும் பத்திரம் அது. குடும்ப உறுப்பினர்களுக்குள் என்றால் முத்திரைத் தீர்வையிலும் சலுகை உண்டு. எல்லை கடந்து பேருந்தில் வரும் தங்கைக்கு அன்று ஒரு புடவையும் சாப்பாடும் கிடைக்கும். ‘பிறந்த வீட்டு வாசல் எனக்குத் திறந்திருந்தால் போதும்’ என்று அவள் சொல்வாள். அவள் உண்மையாகவே அப்படி நினைப்பதுதான் துயரம். வாசலுக்கு ஈடாக வீட்டையே கொடுக்கவேண்டிய நிலையைப் பாசம் என்று பெயரிட்டு அழைக்கிறோம்.

இரா. சரவணன் இயக்கத்தில் சசிகுமாரும் ஜோதிகாவும் நடித்த ‘உடன்பிறப்பே’ ஒரு மாற்றத்தைக் காட்டுகிறது. அண்ணனின் அடிதடி வழியும் தங்கை கணவனின் சட்ட வழியும் மோதுவதால் எழும் பிரிவு அது. அறுபது ஆண்டுப் பயணத்தில் இது சிறிய முன்னேற்றம் அன்று: சட்டத்தை மதிக்கும் மைத்துனன் கதையின் எதிரியாக இல்லை. ஆனால் அங்கும் தங்கையின் பெருமை, இரு ஆண்களுக்கிடையே அவள் காத்த மௌனத்தில்தான் அளக்கப்படுகிறது.

இப்படங்களைப் பழிப்பது என் நோக்கமன்று. உடன்பிறந்தோர் சேரவேண்டும் என்ற ஏக்கம் மெய்யானது. மலையேறிப் போனவர்களும் ஊரில் நின்றவர்களும் அதை இத்திரையில்தான் அழுது தீர்த்தார்கள். நான் சொல்ல விழைவது இவ்வளவே. பங்கு கேட்டதால் பாசம் முறிகிறது என்றால், முறிவுக்குப் பொறுப்பு கேட்டவளுக்கு மட்டுமா, மறுத்தவனுக்கு இல்லையா? கணக்கைத் தெளிவாக முடித்துக்கொண்ட உடன்பிறப்புகள் பின்னர் நிம்மதியாக ஒரே பந்தியில் உண்பதையும் எல்லையோர ஊர்களில் காணலாம். அவர்களைப் பற்றித்தான் இன்னும் படம் வரவில்லை.

பதிவான விடுதலைப் பத்திரத்தை மோசடியையோ வற்புறுத்தலையோ நிரூபித்தாலன்றி மீட்பது அரிது. ஆகவே இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கையொப்பமிடும் முன் பத்திரத்தை முழுதும் படியுங்கள், உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டறிந்தபின் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவுசெய்யுங்கள். சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அவள் கேட்பதற்கு முன்பே அதை நீங்களே சொல்லிவிடுங்கள்.