ஆமை முதுகில் தூங்கும் குட்டிகள்

ஐங்குறுநூற்றின் முதல் நூறு மருதம். பாடியவர் ஓரம்போகியார். அதில் 43-ஆம் பாட்டும் 44-ஆம் பாட்டும் அடுத்தடுத்து ஆமையைப் பேசுகின்றன. 43-இல், அம்பணம் போன்ற பெரிய ஆமையின் மேல் செம்பு போன்ற குட்டிகள் பல ஏறித் தூங்குகின்றன. அம்பணம் என்றால் நெல் அளக்கிற மரக்கால். 44-இல், ஆமைக்குட்டி தாயின் முகத்தைப் பார்த்தே வளர்கிறது. தலைவனின் மார்பும் தலைவிக்கு அப்படித்தானாம்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால், தாய் ஆமை குட்டிகளை முதுகில் சுமந்து வளர்க்கிறது என்று தோன்றும். உயிரியல் இதை ஒப்புக்கொள்ளாது. நம்மூர் நன்னீர் ஆமைகள் கரையில் குழி தோண்டி, முட்டையிட்டு, மண்ணை மூடிவிட்டுப் போய்விடும். அதோடு சரி. குஞ்சு பொரிப்பது மண்ணின் சூடு. வெளியே வரும் குட்டிக்குத் தாய் யாரென்றே தெரியாது.

அப்படியானால் 43-ஆம் பாட்டு பொய்யா? இல்லை. ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வரணும். தின்றது செரிக்க, ஓட்டில் படியும் பாசி காய, வைட்டமின் டி கிடைக்க, எல்லாத்துக்கும் வெயில் வேண்டும். குளத்தில் வசதியான கல்லும் கட்டையும் கொஞ்சம்தான். இடம் பத்தாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுக்கும். கீழே இருப்பது பெரிசு, மேலே இருப்பது சிறிசு என்றால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது தாயும் பிள்ளையும்தான். ஆனால் 43-ஆம் பாட்டை மறுபடி பாருங்கள்: அதில் 'தாய்' என்ற சொல்லே கிடையாது. ஆமை, மேலே குட்டிகள், தூக்கம், அவ்வளவுதான். தாயை 44-இலிருந்து நாம்தான் கொண்டுவந்து ஒட்டுகிறோம். எங்கள் வேலை மொழியில் சொன்னால், 43 வெறும் லாக்; 44 அதற்கு யாரோ எழுதிய விளக்கம்.

அந்த விளக்கத்துக்கும் நீண்ட ஆயுள். சைவ மரபில் தீட்சைகளை விளக்கும்போது மீன் பார்வையாலும், ஆமை நினைவாலும், பறவை தொடுதலாலும் முட்டையைப் பொரிக்கும் என்பார்கள். முட்டையிட்ட ஆமை திரும்பி வருவதில்லை, ஆனாலும் குஞ்சு வருகிறது. இதைக் கவனித்த யாரோ நடுவில் இருந்த இடைவெளியை 'நினைவு' என்று நிரப்பியிருக்கிறார்கள். கவனிப்பு சரி, காரணம்தான் வேறு. (பல ஆமை இனங்களில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட மண்ணின் வெப்பம்தான் முடிவு செய்கிறது.)

'தூக்கம்' என்ற விவரமும் எனக்குப் பிடித்தது. வெயில் காயும் ஆமை கழுத்தையும் கால்களையும் நீட்டிவிட்டு அசையாமல் கிடக்கும். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில், ராஸ் ஆற்று ஆமைகள் இரவிலும் கட்டை மேல் ஏறிக் கிடப்பதைக் கண்டார்கள். பிறகு பல நாடுகளில் கேமரா வைத்துப் பார்த்ததில், 29 இனங்களில் 13 இனங்கள் இரவிலும் ஏறின; எல்லாம் வெப்ப நாடுகளிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும். இரவில் தண்ணீர் ரொம்பச் சூடாக இருப்பதால் ஆறுவதற்காக வெளியே வரலாம் என்பது ஒரு விளக்கம். ஓரம்போகியார் பகலா இரவா என்று சொல்லவில்லை.

எந்த ஆமை? என் ஊகம் காராமை. கவிழ்த்த மரக்கால் போல உயர்ந்த கெட்டி ஓடு, கல்லிலும் கட்டையிலும் ஏறிக் காயும் பழக்கம், இரண்டும் பொருந்துகின்றன. பாலாமையின் ஓடு இன்னும் தட்டை. விளிம்பு தோல் போல மெத்தென்று இருக்கும்.

ஆனால் வயலோடு ஒட்டி வாழ்வது பாலாமைதான். ஏரி வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து, அடுத்த மழை வரை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பட்டினப்பாலையில் பரதவர் வேகவைத்துத் தின்னும் வயல் ஆமை இதுவாக இருக்கலாம். அகநானூறு 256-இல் தூங்கிச் சலித்த ஆமை கள் குடித்தவர் போலத் தள்ளாடி நடந்துபோய் ஆம்பல் இலைக்கடியில் ஒடுங்குகிறது. ஆமை நடையை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

பாலாமை இன்று 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தால் சிறை. ஆனாலும் கறிக்காகக் கடத்துவது நிற்கவில்லை. கோடையில் சேற்றுக்குள் கிடக்கும் ஆமைக்கு ஓட வழியில்லை. தோண்டத் தெரிந்தால் போதும்.