திண்ணையிலிருந்து ரியூசன் கொட்டில் வரை

எங்கட ஊரில் ஒரு பிள்ளை ஏஎல் படிக்குது என்றால் "எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்கிறதை விட, "ரியூசன் ஆரிட்டை?" என்று கேட்கிற ஆட்கள்தான் கூட. நாங்களும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வளர்ந்தவர்கள். இப்போது கம்பஸுக்கு வந்த பிறகு எங்களில் சிலர் வீட்டு விறாந்தையில் நாலு வாங்கு போட்டு, பின்னேரங்களில் வகுப்பு எடுக்கிறோம். அந்த விறாந்தைக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. அதைக் கொஞ்சம் பார்ப்பம்.

வீட்டில் வைத்துப் படிப்பிப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடம் என்பதே அதுதான். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஏட்டுக்குப் போனார்கள். ஆசிரியருக்குக் கிடைத்தது பெரும்பாலும் நெல்லும் காய்கறியும், நல்ல நாளில் தட்சணையும். 1823 இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனின் செமினரியும், 1848 இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலரின் சைவப்பிரகாச வித்தியாசாலையும் வந்த பிறகும் திண்ணைகள் உடனே மறைந்துவிடவில்லை.

ஆனால் திண்ணை என்பது ஒரு வீட்டின் பகுதி. அந்த வீட்டுப் படலைக்குள் யார் வரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருக்கவில்லை. பிறகு பள்ளிக்கூடங்களுக்குள் வந்தபோதும் அவர்கள் நிலத்தில்தான் இருத்தப்பட்டார்கள். 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் சம ஆசனம் கொடுக்க வெளிக்கிட்டபோது சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. "நாங்கள் படிப்பால் முன்னேறின சமூகம்" என்று பெருமை பேசும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. பள்ளிக்கூடக் கதவு அகலமாகத் திறந்தது, ஆனால் பல்கலைக்கழகக் கதவு அதே அளவுக்கு அகலவில்லை. படித்தவர்கள் கூடக்கூட இடத்துக்கான போட்டியும் கூடியது. 1971 அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 400 இல் 250 புள்ளி தேவைப்பட்டது, சிங்களமொழி மூல மாணவருக்கு 227. 1973 இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974 இல் சேர்க்கப்பட்ட மாவட்ட கோட்டா, பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு ஒரு வழி திறந்தது என்பதும் உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு புள்ளியும் உயிர்ப்பிரச்சினையாகியது. அந்தப் பயம்தான் ரியூசனுக்குப் பசளை போட்டது. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த இளைஞர்களுக்கும் அது ஒரு வருமானம். வளவுக்குள் கிடுகுக் கொட்டில்கள் எழும்பின.

பிறகு யுத்தம். 1990 இற்குப் பிறகு பொருளாதாரத் தடை, மின்சாரமும் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்த கதையை எங்கட அம்மா அப்பாமார் இன்றைக்கும் சொல்லுவினம். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோதும் படிப்பு முழுதாக நிற்கவில்லை. போன இடத்தில் மரத்துக்குக் கீழே இருந்து தொடர்ந்தது. காசு இல்லாதவர்களுக்கும் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்களைப் பற்றி நன்றியோடு பேசாத வீடு குறைவு.

யுத்தம் முடிந்த பிறகு கொட்டில் மண்டபமாகியது, ஆசிரியரின் படம் பதாகையில் ஏறியது. 2020 இல் கொரோனாவோடு வகுப்பு சூமுக்குப் போனது. ஃபோனும் டேட்டாவும் இல்லாத பிள்ளை வெளியே நின்றது. 2022 நெருக்கடியில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. போட்டோக்கொப்பி விலை ஏற, ரியூட்டுக்கும் தனிக்காசு.

சாதி போட்ட அதே படலையை இன்றைக்குக் காசு போடுகிறது என்று எழுதிவிட்டு நாங்கள் தப்ப முடியாது. ஏனென்றால் எங்கட வகுப்பிலும் அது நடந்தது. மாத முடிவில் காசு கட்டினவர்களின் பெயரைக் கொப்பியைப் பார்த்து வாசிப்போம். ஒரு தங்கச்சி திடீரென்று வராமல் விட்டா. காய்ச்சல் என்றார்கள். பிறகுதான் விளங்கியது, இரண்டு மாதமாக அவவின் பெயர் வாசிக்கப்படவில்லை. நாங்கள் காசு கேட்கவே இல்லை. ஆனால் அந்தக் கொப்பி எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டது.

வீட்டுக்குப் போய்க் கதைத்தோம். இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வந்தா. இப்போது பெயர் வாசிப்பதில்லை. காசை உறையில் வைத்துப் பெட்டிக்குள் போடலாம். போடாவிட்டாலும் ஒருத்தரும் கேட்கமாட்டோம். இதனால் வருமானம் குறைந்ததுதான், எங்கட பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் இதிலிருந்துதான் வருகுது. இலவசக் கல்வி இருக்கிற நாட்டில் ரியூசன் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்ற பெரிய கேள்வியையும் இந்தப் பெட்டி தீர்க்காது.

நீங்களும் வீட்டில் வகுப்பு தொடங்க யோசிக்கிறீர்கள் என்றால் தொடங்குங்கோ. வாங்கும் கரும்பலகையும் வாங்க முதல், காசு கட்ட ஏலாத பிள்ளை உங்கட படலைக்குள் எப்படி வரும் என்பதை ஒருக்கா யோசியுங்கோ.