பாளையக்காரரும் கௌதியோவும்

அய்யம்பாளையம் என்ற பெயரின் பிற்பாதி, படை தங்கும் இடத்தைக் குறிப்பது. பழனிமலை அடிவாரம் பாளையக்காரர்களின் நிலமாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் வகுத்த முறைப்படி பாளையக்காரர் படை வைத்திருந்தார், ஊர்க்காவல் செய்தார், அதற்கு வரி வாங்கினார். 18ஆம் நூற்றாண்டில் மதுரை அரசு வீழ்ந்ததும் அவரே அரசரானார்.

ஸ்பானியப் பேரரசு சிதறியபின் தென் அமெரிக்காவில் எழுந்த படைத்தலைவர்களான 'கௌதியோ'க்களும் இவ்வகையினரே. கால்நடைப் பண்ணைகளும் குதிரைப்படையும் கொண்ட ஹுவான் மனுவேல் தே ரோசாஸ், 1835 முதல் 1852 வரை புவனோஸ் அயர்ஸைத் தனியதிகாரத்துடன் ஆண்டார்.

முடிவுகளே வேறு. ரோசாஸ் தோற்று இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார். திண்டுக்கல் பகுதிப் பாளையக்காரர்களைத் திரட்டிக் கும்பினியை எதிர்த்த விருப்பாச்சி கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார்.

அத்தகைய ஆட்சிகளின் நினைவிலிருந்து அங்கே ரோவா பாஸ்தோஸும் (1974) மார்க்வெஸும் (1975) சர்வாதிகாரி நாவல்களைப் படைத்தனர். நமக்குக் கிடைத்தவர்கள் தியாகிகள். அத்தியாகம் மெய்யானது, ஆயினும் காவல்வரி கட்டிய குடியானவன் தன் பாளையக்காரரை எவ்வாறு கண்டான் என்னும் கேள்வி அதன் நிழலில் மறைந்துபோயிற்று. அதைக் கேட்பது வீரரைச் சிறுமைப்படுத்துவதாகாது. வரலாற்றில் குடியானவனுக்கும் இடம் தருவதே ஆகும்.