கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்!

1899-ம் வருடம். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் ஒரு கம்பெனி ஆபீஸ். கதவு படார் படாரென்று அடித்துக்கொள்ளாமல் இருக்க, ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். பசிபிக் தீவு ஒன்றிலிருந்து வந்த கல். ஏதோ கல்லாகிப்போன மரத்துண்டு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அங்கே வேலை பார்த்த ஆல்பர்ட் எல்லிஸுக்கு மட்டும் ஒரு சந்தேகம். எடுத்துப்போய் சோதித்துப் பார்த்தார். தூக்கிவாரிப் போட்டது. அத்தனையும் பாஸ்பேட்! அதுவும் முதல் தரமான சரக்கு!

பாஸ்பேட் என்றால் உரம். விளைச்சல் குறைந்த மண்ணை வைத்துக்கொண்டு தவித்த ஆஸ்திரேலியாவுக்கும் நியூஸிலாந்துக்கும் அது தங்கம் மாதிரி.

கல் பிறந்த ஊர், நவூரு. பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே, நடுக்கடலில் தன்னந்தனியாகக் கிடக்கும் தீவு. மொத்தப் பரப்பே 21 சதுர கிலோமீட்டர்தான். காலையில் சைக்கிளில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் நாட்டையே சுற்றி வந்துவிடலாம்! ஓரத்தில் தென்னை மரங்களோடு குறுகலான கரை, நடுவே பெரிய மேடு. அந்த மேட்டில்தான் பாஸ்பேட். 1798-ல் இந்தப் பக்கமாகப் போன பிரிட்டிஷ் கேப்டன் ஜான் ஃபியர்ன், தீவின் அழகைப் பார்த்துவிட்டு 'இன்பத் தீவு' என்று பெயர் வைத்தார். பெயர் ராசி பலிக்கவில்லை!

1888-ல் ஜெர்மனி தீவை எடுத்துக்கொண்டது. 1907-ல் பாஸ்பேட் கப்பலேறத் தொடங்கியது. முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா புகுந்தது. பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து மூன்றும் கூட்டுச் சேர்ந்து தோண்டின. உலகச் சந்தையைவிட மலிவாக உரம் அவர்களுடைய வயலுக்குப் போனது. மண்ணின் சொந்தக்காரர்களுக்குச் சில்லறைதான்.

அடுத்த போரில் ஜப்பான் வந்தது. 1943-ல் தீவுவாசிகள் 1,200 பேரைக் கப்பலேற்றி, ட்ரூக் தீவுக்கு வேலை செய்யக் கொண்டுபோனார்கள். பசியும் நோயும் 463 பேரைத் தின்றன. மிச்சமிருந்த 737 பேர் ஊர் திரும்பிய நாள், 1946 ஜனவரி 31. சுதந்திரம் கிடைத்தபோது நவூரு மக்கள் அந்த நாளை மறக்கவில்லை. 1968-ல் அதே ஜனவரி 31-ஐத்தான் சுதந்திர தினமாக்கினார்கள்.

அதற்குச் சில வருடம் முன்பு ஆஸ்திரேலியா ஒரு யோசனை சொன்னது. 'தோண்டி முடித்த பிறகு அங்கே என்ன இருக்கும்? எங்கள் குயின்ஸ்லாந்து கரையோரம் கர்ட்டிஸ் தீவு இருக்கிறது. குடியேறிவிடுங்களேன்...' நவூரு மறுத்துவிட்டது. தனி நாடாக இருக்க முடியாதே!

சரி, சொந்த நாடு கிடைத்ததும் தோண்டுவதை நிறுத்தினார்களா? அதுதான் இல்லை! இப்போது காசு முழுக்க அவர்களுக்கு. எழுபதுகளில் உலகின் பெரும் பணக்கார நாடுகளோடு நவூருவும் சேர்ந்தது. வரி கிடையாது. சொந்தமாக விமான கம்பெனி. 1977-ல் மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம். 1993-ல் லண்டனில் லியோனார்டோ டாவின்சி பற்றிய இசை நாடகத்தில்கூட பணம் போட்டார்கள். நாடகம் படுத்துவிட்டது!

தொண்ணூறுகளில் பாஸ்பேட் வற்றியது. கடன் கழுத்தை நெரித்தது. 2004-ல் மெல்பர்ன் கட்டடமும் கைவிட்டுப் போனது. நடுவில், 2001-ல் ஆஸ்திரேலியா மறுபடி வந்தது. படகில் வந்த அகதிகளைத் தன் மண்ணில் இறக்காமல் நவூருவில் அடைத்து வைக்க, பணம் தந்தது. 2007-ல் அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டவர்களில் இலங்கைத் தமிழர்களும் உண்டு.

இன்று தீவின் நடுப்பகுதி, பல் பல்லாக நீட்டிக்கொண்டிருக்கும் சுண்ணாம்புப் பாறைக் காடு. நாட்டில் ஐந்தில் நான்கு பங்கு இப்படித்தான். சுமார் 12,000 மக்களில் பெரும்பாலானவர்கள் கரையோரமாக ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள். கடல் மட்டமோ உயர்ந்துகொண்டே வருகிறது. தப்பிக்க ஒரே வழி, மேட்டுக்குப் போவது. எந்த மேடு? தோண்டித் தீர்த்த அதே மேடு!

அதைச் சீர்செய்து வீடு கட்டப் பணம்? 2025-ல் நவூரு தன் குடியுரிமையையே விற்க ஆரம்பித்தது. அப்போது விலை, குறைந்தது 1,05,000 அமெரிக்க டாலர்.

மண்ணை விற்றுப் பணம் பார்த்த நாடு, இப்போது பாஸ்போர்ட்டை விற்று, நிற்பதற்கு மண் தேடுகிறது.